உரிமையாளர் பெயர்

வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களில் நாயைத் தேடிப் போய் யாரும் எடுப்பதில்லை. அதுவாக வரும். இலங்கையில் மழை கொட்டித் தீர்க்கும் ஊர்களில் வட்டவளையும் ஒன்று. அடைமழை இரவில் நனைந்த குட்டியொன்று இஸ்தோப்பில் ஏறிப் படுத்துக்கொள்ளும். விடிந்ததும் "இது யாரு வீட்டு நாய்?" என்று கேட்டால் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. சோறு மட்டும் எல்லா வீட்டிலிருந்தும் வரும்.

இந்த வழக்கத்தை மீறத் துணிந்தார் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர். கொழும்பிலிருக்கும் மகள் காப்பகத்து நாய்களின் படங்களைப் போனில் அனுப்பியதும் மனிதர் இளகிப்போனார். உடனே காப்பகத்துக்குப் பேசினார். மறுமுனையில் இருந்த பெண், மாப்பிள்ளை பார்க்க வந்த பெரியம்மாவைப் போல விசாரித்தார்.

"வீட்டச் சுத்தி மதில் இருக்கா சேர்?"

"தேயில இருக்கு மிஸ்."

"கேட்?"

"ரயில்வே கேட்தான். கொஞ்சம் கீழ."

"நாய் எங்க படுக்கும்?"

மாஸ்டர் காம்பராவை ஒரு சுற்றுப் பார்த்தார். "நீங்க எங்க படுக்கிறீங்கன்னும் கேக்கச் சொல்லுங்க" என்றார் மனைவி.

காப்பகத்தார் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஊசி போட்டு, கருத்தடை செய்து, தேற்றிக் கொடுத்த நாய் மறுவாரமே தெருவில் நின்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? பெட்டை நாய் ஒன்பதே வாரத்தில் ஒரு கூட்டத்தைப் பெற்றுப் போட்டுவிடும். மலைநாட்டில் சிறுத்தை வேறு. தேயிலைக்குள் நடமாடும் அதற்கு, இருட்டில் கட்டிப்போட்ட நாய் சிரமமில்லாத சாப்பாடு.

நாய்க்குச் சொந்தக்காரரைத் தேடுவது இந்த நாட்டில் பழைய வேலை. விசர்நாய்க்கடிச் சட்டம் 1893இல் வந்தது. நாய்களைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901இல். பதிவென்றால் கட்டணம், கட்டணம் என்றால் லயத்து நாய் அன்றைக்கு அநாதை. கடித்துவிட்டால் நிரந்தர அநாதை! 2006இல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசு முடிவெடுத்தது. அதன்பின் கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்றானது.

சென்னை இந்த வழியை முன்பே பிடித்துவிட்டது. 1959இல் விமானி கேப்டன் சுந்தரம் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கண்டு வீட்டுக்குத் தூக்கிவந்தார். புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு பிறந்த கதை அது. 1964இலேயே தெருநாய்க் கருத்தடையைத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்கு அந்தக் குட்டிகள் சார்பில் அவரிடம் மதிலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

மாஸ்டருக்குக் காப்பகம் பதில் சொல்வதற்குள் தோட்டத்துக்கு இலவச ஊசி போடும் குழு வந்துவிட்டது. இஸ்தோப்பு நாயைப் பிள்ளைகள் கொழுந்துச் சாக்கில் போட்டுத் தூக்கிவந்தார்கள். உத்தியோகத்தர் அட்டையை எடுத்து, உரிமையாளர் யார் என்று கேட்டார். இத்தனை நாளும் தெரியாது என்றே சொல்லிவந்த லயம் ஒரே குரலில், "மாஸ்டர்!" என்றது.

"நாயிட பேர்?"

மணி, ஜிம்மி, டைகர் என்று வீட்டுக்கொரு பெயர் வந்தது. நாய் எல்லாவற்றுக்கும் வாலை ஆட்டியது. முதலில் காதில் விழுந்ததை உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார்.

அட்டையை மாஸ்டரின் மனைவி ஈ.பி.எஃப். கடதாசிகளோடு பத்திரமாக வைத்திருக்கிறார். மணி இன்னமும் மூன்றாம் வீட்டில்தான் சாப்பிடுகிறது, அங்கே கருவாடு.