பளபளப்பு வேண்டாம், பிடிப்பு வேண்டும்

கேள்வி: என் ஃபைபர் படகின் தளம் வெளுத்துவிட்டது. கார் மெழுகு போட்டுப் பளபளப்பாக்கலாமா?

பதில்: பளபளப்பு வரும், வலையோடு நீங்களும் கடலில் விழுவீர்கள்! தளத்தின் சொரசொரப்பு உங்கள் காலைப் பிடித்துக்கொள்ளத்தான் இருக்கிறது. மெழுகு அந்தச் சொரசொரப்பின் பள்ளங்களை நிரப்பி வழுக்க வைத்துவிடும். படகின் வெளிப்பக்கத்துக்கு மெழுகைத் தாராளமாகப் பூசுங்கள், நிற்கும் இடத்துக்கு வேண்டவே வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிர்தான் ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டைச் சுண்ணாம்புபோல் பொடியாக்குகிறது. அதைத் தடுக்க, வழுக்காத் தளத்துக்கென்றே விற்கும் பாலிமர் பூச்சு இருக்கிறது. கரை வந்ததும் மீன் ரத்தம் காய்வதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டு, பிரஷால் நாலா பக்கமும் தேயுங்கள். ஒரே திசையில் தேய்த்தால் பள்ளத்தின் மறுபக்க அழுக்கு அப்படியே இருக்கும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. சொரசொரப்பே தேய்ந்துபோயிருந்தால், மணல் கலந்த வழுக்காத பெயிண்ட் அடித்த பிறகே கடலுக்குப் போங்கள்.