திரளாகக் கலந்துகொண்டனர்

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு விழா வாத்தியார் இருந்தே தீருவார். தலைமையாசிரியர்கள் வருவார்கள், போவார்கள். கட்டடத்தை இடிப்பார்கள், கட்டுவார்கள், மறுபடியும் இடிக்கலாமா என்று யோசிப்பார்கள். விழா வாத்தியார் மட்டும் அசையமாட்டார். புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் என்று சுற்றிச் செய்தி சேகரிக்கும் பகுதிநேர நிருபன் நான். என் பிழைப்பில் பாதி இவர்கள் அனுப்பும் செய்திகளில் ஓடுகிறது. அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பாசமும் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். பைக்கின் பக்கவாட்டில் சுருட்டிய பேனர் துருத்திக்கொண்டிருக்கும். அதை விரித்தால் விழாவின் பெயர் பெரிதாகவும் பள்ளியின் பெயர் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். வருடம் மட்டும் இருக்காது. அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். ஒவ்வொரு வருடமும் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் தேதியை எழுதி அதன்மேல் ஒட்டிக்கொள்வார். சொந்தக் காசில் ஃபிளெக்ஸ் அடிக்கிறவருக்கு இந்தச் சிக்கனமும் இல்லாவிட்டால் வீட்டில் என்ன பதில் சொல்வது?

நமக்கெல்லாம் மாதத்தில் சம்பள நாள் ஒன்றுதான் நினைவில் நிற்கும். அவருக்கு ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள், ஜூலை 11 மக்கள்தொகை நாள், 15 காமராசர் பிறந்த கல்வி வளர்ச்சி நாள், செப்டம்பர் 8 எழுத்தறிவு நாள், 16 ஓசோன் நாள், டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த கணித நாள், பிப்ரவரி 21 தாய்மொழி நாள், 28 அறிவியல் நாள். இடையில் ஒரு வாரம் சும்மா கிடந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. கோடை வெயிலைக் காரணம் காட்டி அரசு பள்ளித் திறப்பைத் தள்ளிவைத்தால் ஊரே நிம்மதிப் பெருமூச்சு விடும். இவர் ஒருவர்தான் இடிந்துபோவார், ஜூன் 5 விடுமுறையில் மாட்டிக்கொண்டுவிட்டதே! அப்போதும் விடமாட்டார். தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருக்கும் நாலு பையன்களுக்குச் சீருடை மாட்டிவிட்டு ஒரு வேப்பங்கன்றை நட்டுப் படம் எடுத்துவிடுவார்.

இருப்பதே அறுபது சொச்சம் பிள்ளைகள். அதற்குள் இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், தேசிய பசுமைப் படை, நுகர்வோர் மன்றம், இலக்கிய மன்றம், அறிவியலுக்கு வானவில் மன்றம் எல்லாம் உண்டு. எட்டாம் வகுப்பில் எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாலும் ஏதோ ஒன்றுக்குச் செயலாளராக இருக்கும். ‘மகிழ் முற்றம்’ வந்தபோது பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று அணி பிரித்தார்கள். ஒரு பையன் பாலைக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். “சார், ஏற்கெனவே எங்க தெருவுக்கு மூணு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வருது” என்றான். சார் யோசித்துவிட்டு அவனை நெய்தலில் போட்டார்.

ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாள். இந்தியத் தேர்தல் ஆணையம் 1950-இல் தொடங்கப்பட்ட நாள் அது. 2011 முதல் கொண்டாடுகிறார்கள். நடுநிலைப் பள்ளியின் மூத்த குடிமகனுக்கு வயது பதின்மூன்று. ஓட்டுப் போட இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. ஆனாலும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே வலது கையை நீட்டி, காசு வாங்காமல் வாக்களிப்போம் என்று உறுதிமொழி எடுப்பார்கள். மதிற்சுவருக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் செய்தியில் எழுதியதில்லை.

இவரது கலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் 15-க்குப் போகவேண்டும். உலகக் கைகழுவும் நாள். பதினொரு மணிக்கு ஊராட்சித் தலைவர் வருவதாக ஏற்பாடு. பத்தே முக்காலுக்கெல்லாம் குழாயடியில் பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்தி, கையில் சோப்பைப் போட்டுத் தேய்க்க வைத்தாயிற்று. தலைவர் வந்த பாடில்லை.

“யாரும் கழுவிடாதீங்கடா! தேய்ச்சுக்கிட்டே இருங்க. கிளம்பிட்டாராம்.”

“நுரை காஞ்சுபோச்சு சார்.”

“காஞ்சா மறுபடி போடு.”

“சார், மூக்கு அரிக்குது சார்.”

“பக்கத்துல இருக்கவன் சொறிஞ்சு விடு.”

“அவன் கையிலயும் சோப்பு சார்.”

கடைசியில் சாரே போய் அந்தப் பையனின் மூக்கைச் சொறிந்துவிட்டு வந்தார். வாத்தியார் வேலையில் இதற்கெல்லாம் தனிப் படி கிடையாது. பன்னிரண்டரை ஆயிற்று. சத்துணவுக் கூடத்திலிருந்து சமையல் அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். “ஏன் சார், முட்டை ஆறிப்போச்சு. இன்னைக்குப் பிள்ளைக சாப்பிடுமா, இல்ல பொழுதன்னைக்கும் கையத்தான் கழுவுமா?” அந்த நேரம் பார்த்துத் தலைவரின் வண்டி நுழைந்தது. அவர் தம் கையில் சோப்பைப் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்தார். பிள்ளைகளும் பார்த்தார்கள். படம் எடுத்தாயிற்று. எல்லோரும் குழாயைத் திருகினால் தண்ணீர் இல்லை, தொட்டி காலி. காய்ந்த நுரையோடு அத்தனை பேரும் தெருமுனை அடிகுழாய்க்கு ஓடினார்கள். மறுநாள் பேப்பரில், சுகாதாரத்தின் அவசியம் குறித்து மாணவர்களுக்குச் செயல்முறை விளக்கம் அளிக்கப்பட்டது என்று இருந்தது. எழுதியவன் நான்தான். அவர் அனுப்பியதை அப்படியே போட்டேன்.

அவர் அனுப்பும் செய்திக்கு ஒரு கட்டுமானம் உண்டு. ‘நிகழ்ச்சிக்குத் தலைமையாசிரியர் தலைமை வகித்தார். ஊராட்சித் தலைவர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் முன்னிலை வகித்தனர். பட்டதாரி ஆசிரியர் வரவேற்றார். வட்டாரக் கல்வி அலுவலர் சிறப்புரையாற்றினார். இடைநிலை ஆசிரியர் நன்றி கூறினார்.’ இவ்வளவு பேரும் பெயர், இனிஷியல், பதவியோடு வந்து இறங்கியபிறகு கடைசியில் ஒற்றை வரி: ‘மாணவ, மாணவிகள் திரளாகக் கலந்துகொண்டனர்.’ முன்பு இந்தத் தாளை உறையில் போட்டு, கழுவிய போட்டோவோடு பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுப்பார். இப்போது வாட்ஸ்அப். இருபது முப்பது படங்கள் கொட்டும். எல்லாமே ஒரே படம்தான், ஒவ்வொன்றிலும் வேறு ஒருவர் கண்ணை மூடியிருப்பார்.

விடிந்தும் விடியாமல் போன் வரும். டீக்கடையில் இருக்கிறார் என்பது பின்னால் கேட்கும் கண்ணாடி டம்ளர் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

“தம்பி, ரெண்டு தடவ புரட்டிட்டேன். நம்ம செய்தியக் காணமே?”

“இன்னைக்கு விளம்பரம் ஜாஸ்தி சார். நாளைக்கு வந்துரும்.”

வந்துவிட்டால் பிரச்சினை வேறு மாதிரி. “தம்பி, முன்னிலை வகித்தவர்ல ஒருத்தர் பேரு விட்டுப்போச்சே. அவருதான் போன வருசம் நம்ம பள்ளிக்கூடத்துக்கு மோட்டார் வாங்கிக் குடுத்தவரு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அவரு வீட்டுப் பக்கம் போவேன்?”

அவர் பேப்பரில் ஏற்றும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு மோட்டாரோ, மின்விசிறியோ, இரண்டு பெஞ்சோ நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கம் மொய் விருந்து நடக்கும் சீமை. ஆடி பிறந்தால் பந்தல் போட்டுக் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். யார் எவ்வளவு செய்தார் என்ற நோட்டு வீட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் இருக்கும். இந்த ஊரின் நாடி அவருக்குத் தெரியும். கல்விச் சீர் என்று ஒன்றை அறிவித்துவிட்டார். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பள்ளிக்கு வேண்டியதை அள்ளிக் கொடுத்தார்கள். அதற்குத் தவிலும் நாதஸ்வரமும் சேர்த்துக்கொண்டால் இவருடைய கல்விச் சீர்.

மாரியம்மன் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. தாய்மார்கள் தலையில் தாம்பாளம். தேங்காய், பழத்தோடு சாக்பீஸ் டப்பா, உலக உருண்டை, நோட்டுக்கட்டு, துடைப்பம், வாளி. பின்னால் மினி லாரியில் பீரோ. பள்ளி வாசலில் சார் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். மைக்கில் அவரே அறிவிக்கிறார்: “பள்ளிக்கூடத்தின் தாய்மாமன்கள் சீர் கொண்டு வருகிறார்கள்!” நோட்டும் அவர் கையில்தான், துடைப்பம் உட்பட ஒன்று விடாமல் ஏறுகிறது. ஒரு பெரியவர் நாலு மின்விசிறி கொடுத்தார். ஒவ்வொன்றின் மூன்று இறக்கையிலும் தம் பெயரை எழுதச் சொல்லிவிட்டார். விசிறி சுற்றினால் பெயர் தெரியாது, நிறுத்தினால் காற்று வராது. அவர் பள்ளிப் பக்கம் வருகிற நாளில் சார் சுவிட்சை அணைத்துவிடுவார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் வியர்த்துக்கொண்டே படிக்கும்.

இத்தனை கூத்தும் எதற்கு என்றால், காலை எட்டு மணிக்கு ஊருக்குள் வரும் மஞ்சள் வேனைப் பார்க்க வேண்டும். டவுனில் இருக்கும் தனியார் பள்ளிக்கூடத்து வேன். வீடு வீடாக நின்று பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை பிள்ளைகள் என்று அரசு கணக்கெடுக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கில் ஆறு முதல் எட்டு வகுப்புவரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். தலை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’. பணிநிரவல் என்று வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆகவே மே, ஜூனில் ‘மாணவர் சேர்க்கைப் பேரணி’ போகிற விழா வாத்தியாரின் கையில் பேப்பர் கட்டிங் ஒட்டிய ஒரு தடிமனான நோட்டு இருக்கும். “பாருங்கம்மா, நம்ம பள்ளிக்கூடம் பேப்பர்ல வந்துருக்கு. அந்த வேன் பள்ளிக்கூடம் வந்துருக்கா?” அது விளம்பரமாக முதல் பக்கத்திலேயே வந்திருக்கும். அதை அவர் சொல்லமாட்டார். நாலு வீட்டில் ஒரு வீடாவது மசியும். தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் எட்டாம் வகுப்புப் பிள்ளை தேறினால் ஒன்பதாவது முதல் வருடத்துக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் என்று விவரம் சொல்லி, சனிக்கிழமையும் வரவழைத்துப் பயிற்சி கொடுக்கிறவரும் இதே மனிதர்தான். அதைப் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. பேனர் இல்லையே!

இனி அந்த மரம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பள்ளி வாசலில் நின்ற பெரிய வேம்பும் போயிற்று. அந்த இடத்தில் வருடா வருடம் கன்று நடுவார் சார். குழி நிரந்தரப் பணியிடம், கன்று தொகுப்பூதியம். நட்ட வாரமே ஆடு மேய்ந்துவிடும், மறு வருடம் புதுக் கன்று, புதுத் தலைவர், புதுப் படம். 2022-இல் நட்டது மட்டும் பிழைத்தது. இப்போது கூரைக்கு மேல் வளர்ந்து நிழல் தருகிறது. ‘ஆசிரியரின் தொடர் முயற்சியால் பசுமையாகும் பள்ளி வளாகம்’ என்று அவர் அனுப்பிய செய்தியையும் நான் போட்டேன்.

நடந்ததை ஒருநாள் சமையல் அக்காதான் சொன்னார். அந்த வருடம் ஆறாம் வகுப்பில் இருந்த ஒரு பெண்பிள்ளை, கருவேல முள்ளை வெட்டி வந்து சுற்றி நட்டு, கட்டுமாவடியில் இருக்கும் மாமா வீட்டிலிருந்து கிழிந்த மீன்வலை கேட்டு வாங்கி அதன்மேல் கட்டியிருக்கிறது. தினமும் சாப்பாடு முடிந்ததும் தட்டுக் கழுவும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஊற்றியிருக்கிறது. முந்தைய கன்றுகளைத் தின்று தீர்த்த ஆடுகள் அதன் அப்பாயி வளர்த்தவை. அதுதான் ரோஷம். தேசிய பசுமைப் படையில் அது இல்லை, அதற்குக் கிடைத்தது நுகர்வோர் மன்றம். எட்டாவது முடித்துவிட்டு இப்போது வேறு ஊரில் உயர்நிலைப் பள்ளிக்கு சைக்கிளில் போகிறது. அந்தப் பிள்ளையின் பெயர் எந்த வருடச் செய்தியிலும் இல்லை. அப்பாயி பெயர் ஒருமுறை வந்திருக்கிறது, சீர்வரிசையில் வாளி கொடுத்தவர் என்று.

சார், அடுத்த ஜூன் 5-க்கு நீங்கள் செய்தி அனுப்பத்தான் போகிறீர்கள். வழக்கம்போல மாலை நாலு மணிக்குள் அனுப்பிவிடுங்கள். தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர், மோட்டார் கொடுத்தவர் எல்லோரும் இருக்கட்டும், ஒருவரையும் வெட்டமாட்டேன். மேலே முதல் வரியில், முள் நட்ட பிள்ளை, தண்ணீர் ஊற்றிய பிள்ளை என்று நாலு பெயரை வகுப்போடு எழுதுங்கள். இடம் பற்றாவிட்டால் நன்றி கூறியவரை நான் எடுத்துவிடுகிறேன்.