மிச்சக்காரர்

ஜனவரி 18 காலையில் எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டியை எட்டிப் பார்த்தாலே நாட்டு நடப்பு தெரிந்துவிடும். கரும்புத் தோகை, வாடிய மஞ்சள் கொத்து, தோல் கிழிந்த போகிக் கொட்டு. ஊருக்குப் போனவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி, தலையில் தூக்கமும் கையில் முறுக்கு டப்பாவுமாக டவுன் பஸ்ஸுக்கு நிற்பார்கள். பண்டிகை முடிந்தது. இனி ஆபீஸ், பள்ளிக்கூடம், கேஸ் புக்கிங்.

அந்த நேரத்தில் தொட்டியருகே ஒருவர் மட்டும் கைகட்டி நின்று, “முழுசா அரைக் கழி கிடக்கு பாருங்க, மனசு எப்படித்தான் வருதோ” என்று பெருமூச்சு விடுவார். எடுக்க மாட்டார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே இடம் இல்லை.

நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மிச்சக்காரர். பழைய நாணயம் சேர்ப்பவர் உண்டு, தபால்தலை சேர்ப்பவர் உண்டு. இவர் பண்டிகையில் மிஞ்சியதைச் சேர்ப்பவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், கவனித்திருக்க மாட்டீர்கள். ஐம்பது தாண்டியிருக்கும், பிள்ளைகள் வேறு ஊரில் இருப்பார்கள், வாசலில் தொங்கும் நட்சத்திர விளக்கு பிப்ரவரியிலும் எரியும். அது கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்தது. அவர்களே தங்கள் வீட்டில் கழற்றிவிட்டார்கள்.

எங்கள் மிச்சக்காரருக்குக் கணக்குப் பிரிவில் வேலை. ஆகவே அவருக்கு வருத்தமும் கணக்காகத்தான் வரும். “வருஷத்துல இருபது நாள் சிரிச்சுட்டு மீதி முந்நூத்து நாப்பத்தஞ்சு நாள் உர்ருனு இருக்கோமே, இது என்ன சார் பட்ஜெட்?” என்பார். ஒவ்வொரு புது வருஷமும் அவர் எடுக்கும் சபதம் ஒன்றுதான். பண்டிகையில் இருக்கும் சின்னச் சின்ன சுகங்களைச் சாதாரண நாளுக்குக் கடத்திவிட வேண்டும். கடத்துவது என்ற சொல் அவருடையது. முகத்திலும் கொஞ்சம் கடத்தல்காரக் களை வந்துவிடும்.

அவருடைய முதல் மனக்குறை மார்கழி மேல். மார்கழிக்குப் பெரும்பாலும் 29 நாள்தான். திருப்பாவையோ 30 பாட்டு. கடைசி நாளில் இரண்டைச் சேர்த்துப் பாடித்தான் நேர்செய்கிறார்கள். “நல்ல மாசத்துல ஒரு நாளைப் புடிச்சுக்கிட்டு, புழுங்கித் தள்ளற ஆனிக்குப் போயி சில வருஷம் 32 நாள் கொடுக்கறாங்க, பாருங்க அநியாயத்தை.” எனக்குத் தெரிந்த விளக்கத்தைச் சொன்னேன். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது, அப்போது அது வேகமாக ஓடும், அதனால் மார்கழி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஆனியில் தள்ளி இருப்பதால் மெதுவாக நகர்கிறது. கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப பூமிக்கே லீவு முடியற அவசரம்னு சொல்லுங்க.”

பொங்கல் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரைப் பொங்கல் இல்லை. மார்கழி விடியலில் பிள்ளையார் கோயிலில் தொன்னையில் தருவார்களே, அந்த வெண்பொங்கல். அளவு இரண்டு வாய். மூன்றாவது வாய்க்கு ஆசை மட்டும் இருக்கும். விரல் சுடும், மிளகு கடிபடும், முந்திரி பக்கத்துத் தொன்னையில் விழுந்திருக்கும். அந்த ருசியின் மர்மம் நெய்யிலும் இல்லை, வரிசையில் நிற்கும் குளிரிலும் இல்லை, அளவில்தான் இருக்கிறது என்று மிச்சக்காரர் முடிவு கட்டினார். தை ஐந்தாம் தேதி நூறு தொன்னை கொண்ட கட்டு ஒன்றை வாங்கிவந்து மனைவி முன்னால் வைத்தார்.

“தினம் காலைல ஒரு கரண்டி போதும்மா. பெரிசா ஒண்ணும் வேண்டாம்.”

“ஒரு கரண்டிப் பொங்கலுக்கும் ஒரு முழுக் குக்கரைத்தாங்க தேய்க்கணும்” என்றார் அந்த அம்மாள்.

இதைவிடத் தெளிவாக ஒரு தத்துவத்தின் ஓட்டையை யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. பண்டிகை நாளின் சுகங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதிகாலைக் கோலம், வடை வாசனை, பித்தளைச் சொம்பின் பளபளப்பு என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கோலம் தானே விழுவது போலவும் சொம்பு தானே புளி போட்டுத் தேய்த்துக்கொள்வது போலவும் இருக்கும் கேட்க. (நானும் இப்படி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். தயவுசெய்து தேட வேண்டாம்.)

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. “சரி, தினம் பொங்கல். குக்கரும் கோலமும் உங்களது” என்று கோலமாவு டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு மிச்சக்காரர் வாசலில் குந்தியிருந்தார். ஊடுபுள்ளி, ஏழில் தொடங்கி நான்கில் முடிக்க வேண்டும். புள்ளி வரைக்கும் கணக்குப் பிரிவு சரியாகத்தான் வேலை செய்தது. அடுத்தது சிக்குக் கோலம். புறப்பட்ட இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும். அவர் கோடு வளைந்து, நெளிந்து, பாதித் தெருவைக் கடந்து எதிர் வீட்டு ஸ்கூட்டரின் முன் சக்கரத்தருகே போய் நின்றது. பால் போட வந்த பையன், “சார், தெருவைத் தோண்டப் போறாங்களா? மார்க் பண்ணியிருக்கே” என்றான்.

ஆனால் மனிதர் விடவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டே பிப்ரவரி முழுக்கப் போட்டார். மார்ச்சில் கோடு வீட்டு எல்லைக்குள் திரும்பியது. ஏப்ரலில் இரண்டு முனையும் சந்தித்தன. அன்று என்னை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினார். நானும் பார்த்தேன், சந்தித்துத்தான் இருந்தன.

கரும்பு முயற்சி அவ்வளவு நாள் ஓடவில்லை. ரேஷன் கடையில் கொடுத்த முழுக் கரும்பைக் கணுக் கணுவாக வெட்டி ஃப்ரிட்ஜில் அடுக்கி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று திட்டம். ஏழாம் நாள் புளித்தது. எட்டாம் நாள் கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த தொப்பி கழன்றது. பல் வைத்தியர் வாங்கிய தொகையில் ஒரு கட்டுக் கரும்பு வரும் என்பதோடு அந்தக் கணக்கு மூடப்பட்டது.

ஆபீஸில் கடத்தியதுதான் அவருடைய உச்சம். மார்கழியில் அவர் கச்சேரிக்குப் போவார். கேன்டீனுக்காகத்தான் போகிறார் என்று ஒரு பேச்சு உண்டு, அவரும் மறுப்பதில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபையில் பாதிப் பேர் எழுந்து வெளியே நடப்பார்களே, மிருதங்கக்காரர்கள் காலங்காலமாக வருந்தும் அந்த வழக்கத்தை, ஒரு குற்றத்தை, மிச்சக்காரர் நல்ல காரியத்துக்குத் திருப்பினார். மாலை நான்கு மணிக்கு மேஜை மேல் இரண்டு விரலால் தட்டுவார். “தனி” என்பார். பிரிவே எழுந்து டீ குடிக்கப் போகும். முன்பெல்லாம் அவரவர் தனியாகப் போய், செல்போனைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டு வருவார்கள். இப்போது ஒன்பது பேரும் ஒன்றாகப் போகிறார்கள், வடையைப் பிய்த்துக்கொள்கிறார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்கிறார்கள்.

புதிதாக வந்த அதிகாரி அம்மையார் இதை விசாரித்தபோது மிச்சக்காரர் வரலாறே சொல்லியிருக்கிறார். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு ஓர் இசை மாநாடும் நடந்தது, அதிலிருந்துதான் 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. “ஓரமா ஆரம்பிச்சதுதான் மேடம் இன்னிக்கும் நிக்குது.” அம்மையார் பதில் பேசவில்லை. மறுநாள் நாலேகாலுக்கு டீக்கடை வாசலில் வந்து நின்று, “தனி போதும், கோர்வை வைங்க” என்று மட்டும் சொன்னாராம். அப்போதுதான் தெரிந்தது, அவர் சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்றவர்.

புத்தகக் காட்சியையும் விடவில்லை. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியில் இன்றுவரை மாறாத பத்து சதவீதத் தள்ளுபடியை அவர் நாளுக்குப் போட்டுப் பார்த்தார். 24 மணி நேரத்தில் பத்து சதவீதம் இரண்டு மணி இருபத்து நான்கு நிமிடம், அது தனக்கு. மனைவி உடனே, “எனக்கும்” என்றார். இந்த இடத்தில் திட்டம் பேச்சுவார்த்தைக்குப் போய், இருவரும் மொட்டை மாடியில் டெல்லி அப்பளம் சாப்பிடும் அரை மணி நேரமாகச் சுருங்கியது.

தினசரிக் காலண்டர் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். ஜனவரி முதல் தேதி கொழுகொழுவென்று தொங்கும் காலண்டரில் முதல் தாளைக் கிழிக்கும் சுகம் இருக்கிறதே, அது மார்ச்சில் பலருக்குச் செத்துவிடும். பத்து நாள் தாளைச் சேர்த்துக் கிழிப்பார்கள். இவர் நாள் தவறாமல், குளித்துவிட்டுத்தான் கிழிப்பார். அடியில் ராசிக்கு ஒரு சொல் பலன் இருக்கும். இவர் ரிஷபம். ரிஷபத்துக்கு ‘அலைச்சல்’ என்று போட்டிருந்தால் அன்றைக்கு அவர் மீனம். மீனத்துக்கு ‘செலவு’ என்றால் துலாம். அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைச் சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே வெளியிடுகிறார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து அவர் குரல் உயர்ந்துவிட்டது: “புது வருஷத்தை அஞ்சு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கறவங்களை யாரும் கேக்கறதில்ல. நான் ரெண்டு மாசம் பின்னாடி இழுத்தா மட்டும் சிரிக்கறீங்க.”

சிரித்தவர்களில் நானும் ஒருவன். காணும் பொங்கல் விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

காணும் பொங்கல் அன்று பெரியவர்களைப் பார்க்கப் போவது ஒரு காலத்து வழக்கம். இப்போது மெரினாவையும் வண்டலூரையும் பார்க்கப் போகிறார்கள். மிச்சக்காரர் பழைய வழக்கத்தை மாதாமாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். சொல்லாமல் போய் நிற்பது என்பது விதி. “சொல்லிட்டுப் போனா அது மீட்டிங்.”

சொல்லாமல் போய் நிற்கிறவரை இந்தக் காலத்தில் யார் வரவேற்கிறார்கள்? ஒரு வீட்டில் காலிங் பெல் அடித்ததும் டிவி சத்தம் நின்றுபோனது, கதவு திறக்கவில்லை. இன்னொரு வீட்டில், “என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று பதறினார்கள். மூன்றாவது வீட்டில் கடன் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, உட்காரும் முன்பே வீட்டு லோன் தவணையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

தாம்பரத்தில் அவருடைய பெரியம்மா ஒருவர் இருக்கிறார். எண்பது தாண்டியவர். மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள். முதல் மாதம் இவரைப் பார்த்ததும் பெரியம்மா கேட்டது, “என்னடா, இன்னிக்கு என்ன விசேஷம்?” ஒன்றும் இல்லை என்றிருக்கிறார். “ஒண்ணும் இல்லாமலா வந்தே?” என்று அவர் மூன்று தடவை கேட்டாராம். கிளம்பும்போது இந்த ஐம்பத்தேழு வயதுப் பையன் காலில் விழ, சுருக்குப் பையைத் துழாவிப் பத்து ரூபாய் கொடுத்திருக்கிறார்.

நான்காவது மாதம் மிச்சக்காரருக்குக் காய்ச்சல், போகவில்லை. சாயங்காலம் பெரியம்மாவே போன் செய்து, “உளுந்து ஊறப் போட்டு அரைச்சு வெச்சிருக்கேன், மாவு புளிச்சுடும்” என்றார். அடுத்த ஞாயிறே போய்விட்டு வந்தார். விதியை மீறி, சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்போது அவரிடம் பெரியம்மா கொடுத்த பத்து ரூபாய்த் தாள்கள் ஐந்து இருக்கின்றன. கணக்குப் பிரிவு ஆசாமி, எந்தத் தலைப்பிலும் வரவு வைக்காமல் கோலமாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

உங்களுக்கு அவரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்குள் எங்கள் தெருவுக்கு வாருங்கள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக ஏறுங்கள். தொன்னையில் இரண்டு வாய்ப் பொங்கல் நிச்சயம் கிடைக்கும். குக்கரைத் தேய்த்தது தான்தான் என்று இரண்டு தடவை சொல்வார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, உள்ளே அந்த அம்மாளின் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் பிடித்ததைச் சுரண்டுவது இன்னமும் அவர்தான்.