விமானத்துக்கு ஓரம் அடித்தல்

புடவைக்கு ஓரம் அடிப்பதும் விமானத் தகட்டுக்கு ஓரம் அடிப்பதும் அடிப்படையில் ஒரே வேலை. முன்னதற்குத் தையல்காரர் சில பத்து ரூபாய் வாங்குகிறார். பின்னதற்குக் கட்டுபவர் பல ஞாயிற்றுக்கிழமைகளையும் இரண்டு மூன்று விரல்களின் தோலையும் கொடுக்கிறார்.

கிட் விமானம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பூட்டுவது வாங்கியவர் பொறுப்பு. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973இல் அமெரிக்காவின் ஒரிகானில் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் பெட்டிகளிலிருந்து எழுந்து பறந்தவை மட்டும் 11,000க்கு மேல். ஆலப்புழைக்காரரான பொறியாளர் அசோக் தாமரக்ஷன், கொரோனா ஊரடங்குக் காலத்தில் மற்றவர்கள் புளித்த மாவில் ரொட்டி சுட்டுப் பழகியபோது, இங்கிலாந்தில் நான்கு பேர் அமரும் ஸ்லிங் விமானத்தைக் கட்டினார். பெட்டி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. விமானத்தின் பெயர் மகள் தியாவிடமிருந்து. 2022இல் அதில் ஐரோப்பாவைச் சுற்றினார்.

பெட்டியில் வரும் அலுமினியத் தகட்டின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் வரை. துளைகள் போடப்பட்டே வரும். வெட்டிய ஓரத்தில் பிசிறும் இலவசமாக வரும்.

பிசிறு விரலைக் கிழிப்பது சிறிய தொல்லை. டெட்டனஸ் ஊசியோடு முடிந்துவிடும். பெரிய தொல்லை வேறு. ஜவுளிக் கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வைத்துவிட்டு, மீதியைக் கையாலேயே சர்ரென்று கிழிப்பார். தகட்டில் பிசிறு என்பது அந்தச் சின்ன வெட்டு; கடைக்காரரின் கை வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். இறக்கை ஒவ்வொரு குலுக்கலுக்கும் மிக நுட்பமாக வளைந்து நிமிர, விரிசல் அங்கிருந்து புறப்படும். 1954இல் காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் உடைந்தபோது ஆய்வாளர்கள் தேடிப் போய்ச் சேர்ந்த இடமும் உடலில் வெட்டிய திறப்புகளின் மூலையும் ரிவெட் துளைகளின் விளிம்பும்தான்.

ஆகவே அரம். அதை ஓரத்தின் நீளவாக்கில் ஓட்ட வேண்டும். குறுக்கே தேய்த்தால் பழைய பிசிறு போய், அரத்தின் பற்கள் போட்ட நூறு புதிய வெட்டுகள் மிஞ்சும். பிறகு உப்புத்தாள், அதன்பின் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாருக்கு அண்ணன் முறையான ஒரு நார். நகத்தை ஓட்டினால் எங்கும் மாட்டாதபோது நிறுத்திவிடலாம். நிறுத்த மனம் வராமல் தகட்டையே தேய்த்துத் தீர்க்கும் வகையினரும் உண்டு. அவர்களுக்கு மறு தகடு கப்பலில் வரும்.

அடுத்தது வளைத்தல், நுட்பம் முழுவதும் இங்கேதான். ஒரு தகட்டின்மேல் இன்னொன்றை ஏற்றி வைத்து ரிவெட் அடித்தால், மேல் தகட்டின் ஓரம் ரிவெட்டுகளுக்கு இடையே மெல்ல எழும்பி, பழைய செருப்பைப் போல வாய் பிளக்கும். ஓரத்தை ரிவெட்டின் அருகிலேயே வெட்டிவிடவும் முடியாது. துளையின் நடுவிலிருந்து ஓரம்வரை ரிவெட் விட்டத்தைப் போல இரு மடங்காவது தகடு இருந்தாக வேண்டும். சின்ன ரிவெட்டுக்கே இது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். அந்த ஐந்தும் வாய் பிளக்காமல் இருக்க, ரிவெட் அடிக்கும் முன்பே ஓரத்தைச் சில பாகை கீழ்நோக்கி வளைத்து வைப்பார்கள். பிறகு ரிவெட் இழுக்கும்போது ஓரம் கீழ்த் தகட்டில் அப்பிக்கொள்ளும்.

கருவி எளிது: இடுக்கியின் வாயில் இரண்டு சிறு உருளைகள். தகட்டைக் கவ்வி, ஒரே சீராகத் தன் பக்கம் இழுக்க வேண்டும். நடுவில் மூக்கு அரித்தால் அரித்தபடியே இருக்கட்டும். நின்ற இடத்தில் மடிப்பு விழும். அழுத்திப் பிடித்தால் ஓரம் நீண்டு, பொரித்த அப்பளம்போல் அலை அலையாகும். அதை நிமிர்த்த முயல்வது பொரித்த அப்பளத்தை மடிப்பது போன்றதே. வளைவு சரியாக அமைந்தால் வெறுங்கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஒரு பகல் முழுக்க நடந்த வேலையைக் காண வரும் வீட்டாரிடம் காட்ட ஒன்றும் இராது என்பது இத்தொழிலின் தனித்துயரம்.

கடலோரப் பொம்மையார்பாளையம் போன்ற ஊரில் கொட்டகை போட்டால் இன்னொரு கட்டமும் சேரும். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டினால் கடல். வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். இந்தக் காற்றில் கிரில் கேட்டே சில ஆண்டுகளில் சல்லடையாகிவிடும். வான்ஸ் தகட்டின் கலப்புலோகத்துக்கு இருபுறமும் தடிமனில் 5 சதவீத அளவுக்குத் தூய அலுமினியப் போர்வை உண்டு. வெட்டிய ஓரத்தில் அந்தப் போர்வை கிடையாது. உப்பு அங்கேதான் நுழையும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737இன் முன்கூரை பிய்ந்து, பணிப்பெண் ஒருவர் இறந்தார். கடற்காற்றில் பல்லாண்டு பறந்த அதன் தகடுமேல் தகடு ஏறிய இணைப்புகளில் அரிப்பும் விரிசலும் கைகோத்திருந்தன.

எனவே தேய்த்த ஓரத்துக்கு அன்றே பிரைமர் பூச வேண்டும். அளவு குறிக்க ஸ்கெட்ச் பேனாதான்; தச்சர் காதில் செருகும் பென்சில் ஆகாது. அதன் கிராஃபைட், ஈர உப்போடு சேர்ந்தால், போட்ட கோட்டிலேயே அலுமினியத்தை அரிக்கும். இரும்பு நாரும் ஆகாது. அதன் துகள் தகட்டில் பதிந்து துருப்பிடிக்கும். பிரைமர் காயும்வரை கடற்காற்று வரும் பக்கத்துக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும். புழுக்கத்தில் கட்டுபவரின் நெற்றியிலிருந்து தகட்டில் சொட்டுவதும் உப்புநீர்தான் என்பதால், தோளில் ஒரு துண்டு அவசியம்.