பேராண்டிக்கு லட்சம் பத்தலையாம்

வாய்யா பேராண்டி, உக்காரு. மாசம் லட்ச ரூவா சம்பளம், பத்தலைங்குற. மெதுவாச் சொல்லு. வேடசந்தூர் மில்லுக்கு ஷிப்டு போறவங்க யாரு காதுலயாவது விழுந்துறப் போவுது.

முதல்ல அந்த லட்சத்தையே நான் நம்பல. வருசத்துக்குப் பன்னெண்டு லட்சம்னு கம்பெனிக்காரன் குடுத்த காகிதத்தக் காட்டுனியே, அதுல உன் பி.எஃப். 6,000, அவன் கட்ட வேண்டிய பி.எஃப். 6,000, ரெண்டும் உன் தலையிலதான். கிராஜுவிட்டியும் அதுக்குள்ளயே. பேங்குல வந்து விழுறது 85,000 சொச்சம். விருந்துக்குக் கூப்பிட்டுட்டு இலைக்குக் காசு வாங்குன கதையால்ல இருக்கு!

வருமான வரி இல்லேன்னு குதிச்ச. நெசந்தான், 2025 ஏப்ரல்ல இருந்து புது முறையில சம்பளக்காரனுக்குப் பன்னெண்டே முக்கால் லட்சம் வரைக்கும் வரி கெடையாது. அந்த மிச்சம் எங்கய்யா?

சென்னையில பிளாட்டு. அம்பது லட்சம் கடன், எட்டரை வட்டி, இருபது வருசம். மாசத் தவணை 43,400 பக்கம். கட்டி முடிக்கும்போது ஒரு கோடியே நாலு லட்சம் போயிருக்கும். கந்துவட்டிக்காரன நாங்க தெருவுல நின்னு வஞ்சோம். நீ பேங்குக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே போட்டோவும் எடுத்துக்கிட்ட.

1990-ல ஒரு பவுனு 2,500 பக்கம். இப்ப லட்சத்தத் தாண்டிருச்சு. அன்னைக்கு மாசம் ஒரு பவுனுக் காசு வாங்குன வாத்தியாரும் இன்னைக்கு நீயும் ஒரே தராசுதான். அவரு சைக்கிள் மிதிச்சுப் போய் நாலு பிள்ளையக் கரையேத்துனாரு. நீ காருக்குத் தவணை கட்டிட்டு டிராபிக்குல உக்காந்துருக்க.

ஒட்டன்சத்திரம் சந்தையில வெல விழுந்தா சம்சாரி தக்காளிய ரோட்டோரம் கொட்டிட்டுப் போறான். அதே தக்காளிய பத்து நிமிசத்துல கொண்டாரச் சொல்லி நீ டெலிவரி கூலி குடுக்குற. நடந்தா ரெண்டு நிமிசம். கடை உன் பிளாட்டுக்குக் கீழதான இருக்கு?

2019-ல நம்ம திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க. அரம் போட்டு லீவர் சீவுற கைதான் கொறஞ்சு போச்சு. நீயாச்சும் ஒண்ணு வாங்குவன்னு பாத்தா, விரல வச்சாத் தொறக்குற பூட்டத் தவணையில மாட்டிருக்க. உள்ள டிவி தவணை, சோபா தவணை. திருடன் வந்தா தவணையையும் சேத்துத் தூக்கிட்டுப் போவானான்னு கேட்டு வச்சுக்கய்யா, நல்ல யோசனைதான்.

இங்குட்டு வந்துரலாமுங்குறியா? வந்தா லட்சம் தாராளமாப் பத்தும். வாடகை கொறச்சல், சிறுமலைக் காத்து ஓசி. ஆனா லட்சத்த இங்க எவன் குடுப்பான்? மில்லுல சூப்பர்வைசர் வேலைக்கே ஆள் வரிசையில நிக்குது. வீட்டுல இருந்தே வேலை பாக்க விடுவானான்னு உன் மேனேஜரக் கேளு. விட்டான்னா கார வித்துட்டு அதுக்குக் கட்டுறதயாச்சும் நிறுத்தலாம்.

ஒண்ணு மட்டும். பணம் பத்தலைன்னு அப்பத்தாகிட்டச் சொல்லிப்புடாத. நூறு நாள் வேலைக் காசுல சீட்டுப் போட்டு வச்சிருக்கா, மனசு எரங்கி உன் கையில எடுத்துக் குடுத்துருவா. அந்தச் சீட்டுக்கு நான் வேற கணக்கு வச்சிருக்கேன்.