ஆர்க்கிட் தொட்டியில் ஆள்மாறாட்டம்

ஆர்க்கிட் இலையடியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் "பூச்சி விழுந்திருச்சு" என்று முடித்துவிடுவது வீட்டு வழக்கம். ஆய்வுலகம் அவ்வளவு சுலபமாக விடாது. செதில் பூச்சியா, மாவுப்பூச்சியா? செதில் என்றால் வன்செதிலா, மென்செதிலா? எல்லாம் ஒரே வம்சத்துப் பங்காளிகள். வழக்கு நீளத்தான் செய்யும்.

முதல் ஆய்வுக்கருவி கட்டைவிரல் நகம். நெம்பும்போது ஓடு மட்டும் மூடிபோலக் கழன்று, அடியில் மெத்தென்ற உடல் தங்கினால் வன்செதில். ஓடும் உடலும் சேர்ந்தே பெயர்ந்தால் மென்செதில். (இக்கருவிக்கு மானியம் தேவையில்லை, சோப்பு தேவை.)

அடுத்த சாட்சி எறும்பு. மென்செதிலும் மாவுப்பூச்சியும் செடியின் சாற்றுக்குழாயில் குடித்து, மிஞ்சிய இனிப்பைக் கழிவாக விடும்; அதைத் தேடி எறும்பு வரும். வன்செதிலோ உயிரணுக்களைக் குத்தி உறிஞ்சும். இனிப்பு விநியோகம் கிடையாது. வேரில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி மென்செதிலை மடக்கும்போது வன்செதில் பெரும்பாலும் தப்பிவிடுவதும் இதனால்தான். அப்படியானால் எறும்பு வந்ததுமே தீர்ப்பு எழுதலாமா? கூடாது. பல ஆர்க்கிடுகள் பூச்சியே இல்லாதபோதும் மொட்டுக்காம்பில் தாமாகத் தேன்துளி கசிய விடும். எறும்பு அதற்கும் வரும்.

கேட்லியா வகை ஆர்க்கிடைப் பிடித்தாட்டும் பாய்ஸ்டுவால் செதில் இன்னும் பெரிய தலைவலி. 1869இல் பூச்சியியலாளர் சிக்னோரே விவரித்த வன்செதில் இது. பெண் வட்டமாக, தட்டையாக, வெளிர்மஞ்சளாக ஒட்டிக்கிடக்கும். இளம் ஆண்கள் நீளவாக்கில், முதுகில் மூன்று வரப்புகளோடு, பஞ்சுப்பிசிறாகக் கொத்துக்கொத்தாகக் கூடும். பார்ப்பவர் பெண்ணைச் செதில் என்றும் ஆணை மாவுப்பூச்சி என்றும் எழுதிவிடுவார்: ஒரே குடும்பத்துக்கு இரண்டு ரேஷன் கார்டு. வளர்ந்த ஆணுக்கு இறகு உண்டு, வாய் இல்லை. ஆட்சேபிக்க வழியில்லை.

மாவுப்பூச்சிகளுக்குள் வால் பார்ப்பது மரபு. வால் இழைகள் உடலளவு நீண்டிருந்தால் நீள்வால் மாவுப்பூச்சி; ஓரமெங்கும் குட்டை இழைகளும் பஞ்சு முட்டைப்பையும் இருந்தால் எலுமிச்சை மாவுப்பூச்சி. வால் ஒடிந்திருந்தால் ஆய்வு ஒத்திவைக்கப்படும்.

ஆள்மாறாட்டம் வீட்டுத் தொட்டியோடு நிற்பதில்லை. 1795இல் உயர்ந்த சிவப்புச் சாயம் தரும் பூச்சி என்று நம்பி, பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு அதன் பங்காளியை இறக்கினார்கள். சாயம் மட்டமாக வந்தது. வந்த பங்காளியோ தன் உணவான ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத்தான் தின்று தீர்த்தது. பெயர்க் குழப்பமும் ஓயவில்லை: மாவுப்பூச்சியைக் கள்ளிப்பூச்சி என்பவர்கள் இன்றும் உண்டு.

ஐயம் தீராதவர்கள் நிபுணரிடம் போகலாம். அவர் வளர்ந்த பெண்ணைக் காரத்தில் வேகவைத்து, சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் கிடத்தி, நுண்ணோக்கியில் துளைகளையும் மயிர்களையும் எண்ணிப் பெயர் சொல்வார். தொட்டியில் மிச்சமிருக்கும் உறவினர்கள் அதற்குள் பக்கத்துத் தொட்டிக்குக் குடிபோயிருப்பார்கள்.