கறுப்புத்திரை உபாசகர்

ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் நடுவே, பெரட்டுக்களத்தின் ஓரத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கின்ற ஒரு தோட்டத்தில், தூறலையும் பொருட்படுத்தாமல் மதகின்மேல் குடைபிடித்தமர்ந்து மடிக்கணினியோடு மன்றாடிக்கொண்டிருக்கும் வாலிபரைக் கண்டால், காதல் விவகாரமென்று எண்ணி இரக்கப்பட்டுவிடாதீர்கள். அவர் லினக்ஸ் உபாசகர். 200 ரூபாய் ரீலோட் தீர்வதற்குள் ஒரு மென்பொருளை ‘அப்ட்-கெட்’ மூலம் இறக்குவதா, ‘அப்டிடியூட்’ மூலம் இறக்குவதா என்பதே அவருடைய தர்மசங்கடம்.

என் பிரிண்டரை ஓடவைக்கும்படி நான்தான் கேட்டேன். “அது அஞ்சு நிமிஷ வேலை சேர், எதுல போடுறதுங்கிறதுதான் கேள்வி” என்றார். அந்தக் கேள்விக்கு விடை, இயன் மர்டாக் டெபியன் என்ற லினக்ஸ் வகையைத் தொடங்கிய 1993-இலிருந்து ஆரம்பித்தது.

‘டிபிகேஜி’ என்பது கொடுத்த மென்பொருள் பொதியைப் பிரித்துவிட்டு, துணைப்பொதி இல்லையென்றால் பாதி வேலையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்குமாம். அப்ட்-கெட்டோ, அந்தக் காலத்துப் பெரிய கங்காணி ஓர் ஆளைத் தேடித் தமிழ்நாட்டுக்குப் போய், அவருடைய தமையன், மைத்துனர், மைத்துனரின் சித்தப்பா என்று ஒரு குலத்தையே கடல்கடத்தி மலையேற்றியதுபோல, ஒன்றைக் கேட்டால் நாற்பதைக் கூட்டிவரும். அப்டிடியூட் கல்யாணத் தரகர். சிக்கலென்றால் யோசனைமேல் யோசனை சொல்லும், அவற்றுள் முதலாவது பெரும்பாலும், கேட்டதை வேண்டாமென்று விட்டுவிடுங்கள் என்பதாகவே இருக்கும். 2014-இல் பதிப்பு 1.0 ஆக வந்த வெறும் ‘அப்ட்’டைப் பற்றிக் கேட்டேன். “நேத்துப் பொறந்தது” என்று முகத்தைச் சுளித்தார்.

பிறகு, சந்நிதியில் திரை விலக்கும் குருக்களின் கம்பீரத்துடன், ‘அப்ட்-கெட் மூ’ என்று தட்டினார். எழுத்துகளாலான ஒரு பசு தோன்றியது. அப்டிடியூட் தனக்குப் பசுவின் மகாசக்தி கிடையாதென்று சாதிக்குமாம். ஆனால் விடாமல் வற்புறுத்தினால், யானையை விழுங்கிய பாம்பைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுமாம். அதையும் காட்டினார்.

தலவாக்கலையில் ஃபெடோரா என்ற வேறொரு லினக்ஸ் வகையை வைத்திருக்கும் மைத்துனருடன் இவர் ஒரு கல்யாண வீட்டில் அதன் பொதி இறக்கியான ‘டிஎன்எஃப்’பைப் பற்றி வாதாடப் புகுந்து, பந்தி முடிந்து இலையெடுக்கும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை என்று இவருடைய தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

பசுவும் பாம்பும் முடிந்தபோது ரீலோட்டும் முடிந்திருந்தது. பிரிண்டர் வீட்டில்தான் இருக்கிறது. அதன்மேல் என் மனைவி ஊறுகாய்ப் போத்தலை வைத்திருக்கிறாள்.